மெமரீஸ் (1995)

மூன்று அறிவியல் புனைகதைகள் அடங்கிய ஜப்பானிய அனிமேஷன் திரைப்படம். ‘அகிரா’வை இயக்கிய கட்சுஹிரோ ஓட்டொமோவின் முயற்சியில், 1995 டிசம்பரில் வெளியானது.

படத்தின் உச்சம் முதல் கதையான ‘மேக்னடிக் ரோஸ்’. இயக்கம் கோஜி மொரிமொட்டோ. திரைக்கதை, பின்னாளில் ‘பாப்ரிகா’ எடுத்த சதோஷி கோன். ஆண்டு 2092. விண்வெளிக் குப்பை அள்ளும் கப்பலொன்று அபாய அழைப்பைக் கேட்டு, சிதைந்து கிடக்கும் நிலையத்துக்குப் போகிறது. உள்ளே ஈவா என்ற ஓபரா பாடகியின் மாளிகை. அவள் இறந்து பல காலமாகியும் அவளுடைய நினைவுகளை அந்த இடம் விடாமல் நடித்துக்காட்டுகிறது. மீட்க வந்தவரின் மகளையும் கண்முன் நிறுத்தி அவரை இழுக்கிறது. புச்சீனியின் ‘மடாம் பட்டர்ஃபிளை’யோடு யோகோ கன்னோவின் இசை சேரும் இடங்களில் மனம் கனத்துப்போகும்.

டென்சாய் ஒகாமுராவின் ‘ஸ்டிங்க் பாம்’ கலகலப்பானது. சளி மாத்திரையென்று எண்ணி ஆய்வக மருந்தை விழுங்கிய ஊழியரின் உடல்நாற்றமே ஊரைச் சாய்க்கிறது. மற்ற இரண்டின் ஆழம் இதில் இல்லை.

ஓட்டொமோவே இயக்கிய ‘கேனன் ஃபாடர்’, வெட்டில்லாத ஒரே ஷாட் போல நகர்கிறது. கூரையெல்லாம் பீரங்கி முளைத்த நகரம், கண்ணில் படாத எதிரியை நாள்தோறும் சுடுகிறது. அப்பா குண்டு நிரப்பும் தொழிலாளி. மகனுக்கோ பீரங்கியைச் சுடும் அதிகாரியாக வேண்டும்.

ஒரு கதைக்கு மட்டும் நேரமுள்ளவர்கள் ‘மேக்னடிக் ரோஸ்’ பார்க்கலாம்.