மோட்டார் சைக்கிள் விபத்து: சேதத்திற்குக் காப்புறுதி இழப்பீடு பெறுவது எப்படி?

கிள்ளான் பள்ளத்தாக்கில் பல இந்தியக் குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிள்தான் வேலைக்குப் போகும் வழி. காப்பாரிலிருந்து ஷா ஆலாம் தொழிற்சாலைக்குப் போகிறவர், பிரிக்ஃபீல்ட்ஸில் உணவு விநியோகம் செய்கிறவர், தோட்டப்புறத்திலிருந்து பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்கிறவர் என எல்லாருக்கும் வண்டி ஒரு வாரம் பட்டறையில் நின்றாலே வருமானம் பாதிக்கும்.

விபத்தில் சிக்கியவர் முதலில் உயிர் தப்பியதை எண்ணி நிம்மதி அடைகிறார். மறுநாள் பட்டறைக்காரர் பழுதுபார்ப்புச் செலவைச் சொன்ன பிறகுதான், "காப்புறுதி இருக்கிறதே, அதில் கேட்க முடியாதா?" என்ற கேள்வி எழுகிறது. கேட்க முடியுமா, யாரிடம் கேட்பது என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: எந்த வகைக் காப்புறுதி, தவறு யாருடையது, விபத்து நடந்த முதல் 24 மணி நேரத்தில் என்னென்ன சான்றுகள் திரட்டப்பட்டன.

சட்டம் எதைக் கட்டாயமாக்குகிறது?

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆவது பிரிவின்படி, காப்புறுதி இல்லாமல் வாகனம் ஓட்டுவது குற்றம். இதற்கு 1,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஆனால் இந்தச் சட்டம் கட்டாயமாகக் கேட்பது மற்றவருக்கு ஏற்படும் மரணத்திற்கும் உடல் காயத்திற்குமான பாதுகாப்பை மட்டுமே. சொத்துச் சேதம் அந்தக் கட்டாயத்திற்குள் வராது. பாலிசியில் எழுதியிருந்தால்தான் அதற்குப் பணம் கிடைக்கும்.

பலருக்குத் தெரியாத வேறுபாடு இது. அடித்துவிட்டு ஓடிய வாகனம் அல்லது காப்புறுதி இல்லாத வாகனம் காயப்படுத்தினால், மோட்டார் காப்புறுதியாளர் வாரியம் எனப்படும் எம்ஐபியிடம் உதவி கேட்கலாம். ஆனால் அதே விபத்தில் நொறுங்கிய மோட்டார் சைக்கிளுக்கு அங்கே இழப்பீடு கிடையாது.

கையில் இருப்பது எந்தப் பாலிசி?

மூன்றாம் தரப்பு காப்புறுதி: சிறிய மோட்டார் சைக்கிள்களுக்குப் பரவலாக எடுக்கப்படுவது இதுதான். நம் தவறால் மற்றவருக்கு ஏற்படும் காயத்திற்கும் அவருடைய சொத்துச் சேதத்திற்கும் இது பணம் கொடுக்கும். நம் சொந்த வண்டிக்கு ஒரு சென்கூடத் தராது.

மூன்றாம் தரப்பு, தீ மற்றும் திருட்டுக் காப்புறுதி: மேற்சொன்னவற்றோடு வண்டி தீப்பற்றினாலோ களவு போனாலோ இழப்பீடு உண்டு. மோதல் சேதத்திற்கு இல்லை.

முழுமைக் காப்புறுதி: தவறு நம்முடையதாக இருந்தாலும் சொந்த வண்டியின் சேதத்திற்குக் கோரலாம். ஆனால் அப்படிக் கோரினால் என்சிடி எனப்படும் கழிவுச் சலுகை பறிபோகும். மோட்டார் சைக்கிளுக்கு இந்தச் சலுகை முதல் ஆண்டு முடிவில் 15 விழுக்காட்டில் தொடங்கி, 20, 25 என உயரும். சிறிய சேதமாக இருந்தால், கோரிக்கைத் தொகையையும் இழக்கும் சலுகையையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுப்பது நல்லது.

மூன்றாம் தரப்பு காப்புறுதி மட்டும் வைத்திருப்பவர் தவறு செய்யாத நிலையில் மோதப்பட்டால், அவருக்குள்ள வழி ஒன்றுதான். மோதியவருடைய காப்புறுதி நிறுவனத்திடம் மூன்றாம் தரப்பு சொத்துச் சேதக் கோரிக்கை வைக்க வேண்டும். இதனால் நம் என்சிடி பாதிக்கப்படாது.

விபத்து நடந்த இடத்தில்

காயம் இருந்தால் 999 எண்ணுக்கு அழைப்பதே முதல் வேலை. அதன் பிறகு, முடிந்தால் கூட இருப்பவரின் உதவியோடு, கீழ்க்காண்பவற்றைச் சேகரிக்க வேண்டும்:

• எதிர் வாகனத்தின் பதிவு எண், ஓட்டுநரின் பெயர், அடையாளக் கார்டு எண், தொலைபேசி எண்
• வாகனங்களை நகர்த்துவதற்கு முன் அவை நின்ற நிலை, சாலைக் கோடுகள், சமிக்ஞை விளக்கு, டயர் தடம் ஆகியவற்றின் படங்கள்
• இரு வாகனங்களின் சேதப் பகுதிகள்
• நேரில் பார்த்தவர்களின் பெயர், தொலைபேசி எண்
• அருகிலுள்ள கடை அல்லது காரின் கேமராப் பதிவு. சில நாள்களில் அழிந்துவிடும் என்பதால் அன்றே கேட்பது நல்லது

கேட்காமலேயே வந்து நிற்கும் இழுவை லாரிக்காரரிடம் வண்டியை ஒப்படைப்பதும், நிரப்பப்படாத பாரத்தில் கையெழுத்துப் போடுவதும் பின்னால் பெரும் சிக்கலைத் தரும்.

24 மணி நேரத்திற்குள் போலீஸ் புகார்

"200 ரிங்கிட் தருகிறேன், புகார் வேண்டாம்" என்ற பேச்சு சாலையில் அடிக்கடி கேட்பதுதான். ஆனால் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, விபத்தில் சம்பந்தப்பட்ட ஓட்டுநர் 24 மணி நேரத்திற்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும் என்கிறது. புகார் இல்லையென்றால் கோரிக்கையைத் தொடங்கவே முடியாது. மோதியவர் மறுநாள் பேச்சை மாற்றினால், வாங்கிய 200 ரிங்கிட்டோடு நிற்க வேண்டியதுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் உட்பட கோலாலம்பூரில் நடக்கும் விபத்துகளுக்கு ஜாலான் துன் எச்.எஸ். லீயில் போக்குவரத்துப் போலீஸ் நிலையம் உள்ளது. கிள்ளானில் விபத்து நடந்த இடத்தைப் பொறுத்து வட கிள்ளான் அல்லது தென் கிள்ளான் மாவட்டப் போலீசின் போக்குவரத்துப் பிரிவு விசாரிக்கும். ஓட்டுநர் மருத்துவமனையில் இருந்தால், குடும்பத்தார் போலீசுக்குத் தகவல் சொல்லி, அவருடைய வாக்குமூலம் எப்போது பதியப்படும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

புகாரில் நேரம், இடம், சென்ற திசை, வேகம், எந்தப் பக்கத்திலிருந்து மோதப்பட்டது ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். வண்டியோடு சேதமான மற்ற பொருள்களையும் குறிப்பிட வேண்டும். மலாயில் எழுதத் தடுமாறுகிறவர் தெரிந்தவரை அழைத்துச் செல்லலாம். வாசித்துப் புரிந்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும். புகாரில் விட்டுப்போனதைப் பின்னர் காப்புறுதி நிறுவனம் நம்ப மறுக்கலாம்.

கோரிக்கைக்குத் தேவையானவை

எதிர் வாகனத்தின் காப்புறுதி நிறுவனம் எது என்பதை அதன் பதிவு எண்ணைக் கொண்டு கண்டறியலாம். விசாரணை அதிகாரியிடம் கேட்கலாம். வழக்கறிஞர் வழியாகச் சாலைப் போக்குவரத்து இலாகா பதிவைத் தேடிப் பெறவும் முடியும். அந்த நிறுவனத்திற்கு எழுத்து மூலம் அறிவித்து, இந்த ஆவணங்களை இணைக்க வேண்டும்:

• இரு தரப்பின் போலீஸ் புகார்கள்
• விபத்து இடத்தின் போலீஸ் வரைபடமும் குறியீட்டு விளக்கமும்
• போலீஸ் விசாரணை முடிவு
• அடையாளக் கார்டு, ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவு ஆவணம், சொந்தக் காப்புறுதிச் சான்று ஆகியவற்றின் நகல்கள்
• சேதப் படங்கள், பட்டறை மதிப்பீடு, ரசீதுகள்
• பதிவு பெற்ற சேத மதிப்பீட்டாளரின் அறிக்கை

மதிப்பீட்டாளர் பார்ப்பதற்கு முன் வண்டியைப் பழுதுபார்க்கக் கூடாது. கழற்றிய பாகங்களையும் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும். போலீஸ் விசாரணை முடிவைத்தான் நிறுவனங்கள் முதலில் பார்க்கும். எதிர்த் தரப்பு சம்மன் பெற்றிருந்தால் கோரிக்கை வலுப்படும். இருந்தாலும் தவறு யாருடையது என்று இறுதியாகச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்திற்கே உண்டு.

எவ்வளவு கிடைக்கும்?

இரு தரப்பிலும் தவறு இருந்தால் 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி இழப்பீடு குறைக்கப்படும். எடுத்துக்காட்டாக, ஜாலான் மேருவில் சந்திலிருந்து வந்த கார் மோதி 2,400 ரிங்கிட் சேதம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் சைக்கிளோட்டியின் பங்கு 20 விழுக்காடு என்று முடிவானால், அவருக்குக் கிடைப்பது 1,920 ரிங்கிட்.

பழுதுபார்ப்புச் செலவு வண்டியின் சந்தை விலையை மிஞ்சினால், சந்தை விலையை ஒட்டியே கணக்கிடுவார்கள். வண்டி பட்டறையில் நிற்கும் நாள்களுக்கு, மதிப்பீட்டாளர் குறிப்பிடும் பழுதுபார்ப்பு நாள்களை வைத்து மூன்றாம் தரப்பிடம் தனியாக இழப்பீடு கேட்க இடமுண்டு. இது தானாக வராது, கோரிக்கையில் எழுத வேண்டும்.

முழுமைக் காப்புறுதியில் சொந்தக் கோரிக்கை வைப்பவர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். வண்டிக்கு 5 வயதாகிவிட்டால், புதிய பாகங்களின் விலையில் ஒரு பங்கை உரிமையாளர் ஏற்க நேரலாம். அது 15 விழுக்காட்டில் தொடங்கி, 10 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு 40 விழுக்காடு வரை போகும்.

வீட்டிலோ கடையிலோ மோதினால்

வேகத்தில் வந்த மோட்டார் சைக்கிள் வீட்டுக் கேட்டை இடித்தாலும், ஜாலான் துன் சம்பந்தனில் கடையின் கண்ணாடியை உடைத்தாலும், அதுவும் மூன்றாம் தரப்பு சொத்துச் சேதமே. உரிமையாளர் போலீஸ் புகார் செய்து, அந்த மோட்டார் சைக்கிளின் காப்புறுதி நிறுவனத்திடம் கோரலாம். வீட்டுக் கட்டடத்திற்கு வீட்டு உரிமையாளர் காப்புறுதி இருந்தால், வாகனம் மோதிய சேதம் வழக்கமாக அதில் அடங்கும். கேட்டும் சுற்றுச் சுவரும் கட்டடத்தின் பகுதியாகவே கருதப்படும். வீட்டுக் கடன் உள்ளவர்கள் தங்கள் பாலிசியை எடுத்துப் பார்ப்பது பயன் தரும்.

கோரிக்கை எங்கே தடுமாறுகிறது?

உரிமம் இல்லாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுப்பது, மது அருந்தி ஓட்டுவது, வேறொருவர் பெயரில் உள்ள பாலிசியோடு வண்டியை வாங்கி ஓட்டுவது ஆகியவை அடிக்கடி காணும் காரணங்கள். வண்டியை வாங்கியதால் பழைய உரிமையாளரின் காப்புறுதி புதியவருக்குத் தானாக வந்துவிடாது. பாலிசி உரிமையாளர் ஒருவருக்கு மட்டுமா, குடும்பத்தில் மற்றவர் ஓட்டினாலும் செல்லுமா என்பதையும் பார்க்க வேண்டும். உணவு, பொட்டல விநியோகத்திற்கு ஓட்டுகிறவர் அதற்கான கூடுதல் பாதுகாப்பைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரணத் தனியார் பாலிசி வாடகை, வணிகப் பயன்பாட்டை விலக்கி வைப்பது வழக்கம்.

கையெழுத்துக்கு முன்

பணம் தரும்போது நிறுவனம் ஒரு விடுவிப்புப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கும். "இந்த விபத்து தொடர்பான எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன" என்று அதில் இருந்தால், வண்டிக்கான சில ஆயிரம் ரிங்கிட்டோடு காயத்திற்கான பெரிய இழப்பீடும் போய்விடக்கூடும். காயம் இருந்தால், பத்திரம் சொத்துச் சேதத்திற்கு மட்டும் என்று தெளிவாக எழுதச் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகும்போதோ வரும்போதோ நடந்த விபத்தாக இருந்தால் காயத்திற்குச் சொக்சோவிலும் தனியே விண்ணப்பிக்கலாம்.

கிடைக்கும் தொகையில் இத்தனை விழுக்காடு என்று பேசி வழக்கறிஞர் கட்டணம் வாங்குவதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் அனுமதிக்கவில்லை. மருத்துவமனையில் வந்து அப்படிப் பேசும் இடைத்தரகர்களிடம் ஆவணங்களைக் கொடுக்க வேண்டாம்.

மறுத்தால் எங்கே போவது?

முதலில் அந்த நிறுவனத்தின் புகார் பிரிவுக்கு எழுத வேண்டும். அதன் இறுதி முடிவில் திருப்தி இல்லையென்றால், கடிதம் கிடைத்த 6 மாதங்களுக்குள் எஃப்எம்ஓஎஸ் எனப்படும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையை நாடலாம். முன்பு ஓஎஃப்எஸ் என்ற பெயரில் இயங்கிய அமைப்பு, 2025 ஜனவரி 1 முதல் இந்தப் புதிய அமைப்பின் பகுதியாகிவிட்டது. பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை. பொதுவான ஆலோசனைக்குப் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண்ணை அழைக்கலாம்.

மோதியவரிடம் காப்புறுதியே இல்லையென்றால் அவர் மீதே வழக்குத் தொடரலாம். 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத தொகைக்கு, 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 93ஆவது கட்டளைப்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே சிறு கோரிக்கை வழக்குப் பதியலாம். தீபகற்ப மலேசியாவில் இத்தகைய வழக்குக்கான கால வரம்பு 6 ஆண்டுகள். ஆனால் அதுவரை காத்திருந்தால் சாட்சியும் படமும் கிடைப்பது அரிது.

அடுத்த முறை சாலை வரி புதுப்பிக்கும்போது, மலிவான தொகையை மட்டும் கேட்காமல் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதிலைப் பாலிசியிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்: இது எந்த வகைக் காப்புறுதி? யார் யார் ஓட்டலாம்? எந்த வேலைக்கு ஓட்டலாம்?