வழியனுப்பும் சபைகள்: உவரிக்கரையும் மானிட்டோபாவும்

உவரி என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது அந்தோணியார் கோயிலும் பதின்மூன்று நாள் திருவிழாவும்தான். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றபோது அங்கே ஊர் ஏற்கெனவே இருந்தது. சபை பிறகு வந்தது. கரையை விட்டுச் செம்மண் தேரிப் பக்கம் நகர்ந்தால் கதை தலைகீழ். அங்கே சபைதான் ஊரை உண்டாக்கியது. 1799இல் உபதேசியார் டேவிட் சுந்தரானந்தம் முன்னின்று உருவாக்கிய முதலூர் அப்படிப்பட்டது. உவரிக்குப் பக்கத்து இடையன்குடியில் 1841இல் வந்து தங்கிய மிஷனெரி கால்டுவெல், நிலம் வாங்கி நேர்த்தெருக்கள் வகுத்தார்.

கனடாவின் மெனோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை இந்தத் தேரிச் சபையாரோடு ஒப்பிடக் காரணம் உண்டு. 1874 முதல் ரஷ்யப் பேரரசிலிருந்து மானிட்டோபா வந்தவர்களும் சபையாகவே குடியேறி, ஒற்றைத் தெருவின் இருமருங்கும் வீடு கட்டினார்கள். அநாதைப் பிள்ளைகளின் சொத்தைக் காக்கவே சபைக்குத் தனி அமைப்பு இருந்தது.

ஒப்புமை பள்ளிக்கூட வாசலோடு முடிகிறது. 1916இல் மாகாண அரசு ஆங்கிலப் பள்ளிகளைக் கட்டாயமாக்கியதும், பழமை வழுவாத மெனோனைட்டுகளில் ஆயிரக்கணக்கானோர் 1922 முதல் மெக்சிகோவுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். பிள்ளைகள் கைநழுவிவிடுவார்கள் என்ற அச்சம்! (தங்கியவர்களின் வாரிசுகள் பலர் இன்று வின்னிபெக் நகரவாசிகள்.) இடையன்குடியிலோ பள்ளிதான் வெளியேறும் வாசல். கால்டுவெல்லின் மனைவி எலைசா பெண்களுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். லேஸ் பின்னலும் கற்பித்தார். பனையேறிகளின் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் உபதேசியார்களாகவும் ஊர்விட்டு ஊர் போனார்கள். 1903இல் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் ஆட்களைத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கே அனுப்பியது. வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா 1912இல் அங்கே பேராயரானார்.

இப்படி அனுப்பிவிட்டுத் தேரிச் சபையார் தங்கள் பிள்ளைகளை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறார்கள்? உபதேசத்தால் என்பது பாதி பதில். மீதி, ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் இருக்கிறது. கோயிலுக்குப் படைத்த வாழைத்தாரும் சேவலும் கருப்பட்டியும் அன்று சந்தை விலைக்குப் போவதில்லை. மும்பையிலிருந்து வந்தவர் ஒரு விலை கேட்பார். சென்னைக்காரர் அதற்கு மேல் ஏற்றுவார். எடுத்தவரே அதை மறுபடி ஏலத்துக்கு விட்டுவிடுவதும் உண்டு. அசனம் எனும் சபைப் பொதுவிருந்தன்று சோறும் கறியும் வேக, ஆண்கள் இரவெல்லாம் அடுப்படியில் நிற்பார்கள். வாலிபர்களுக்கு விறகு தூக்கும் வேலையும் பந்தி பரிமாறும் வேலையும். வெளியூரில் ஆயிரம் பதவி இருந்தாலும் இங்கே வாளி தூக்கித்தான் ஆகவேண்டும்.

இதை வெறும் ஒற்றுமை என்று மெச்சிவிட முடியாது. தேரிக்காட்டுச் சபைகள் பெரும்பாலும் ஒரே சாதிக்குள் வளர்ந்தவை. வேலைக்கு எவ்வளவு தொலைவும் அனுப்பும் குடும்பம், வரன் பார்க்கையில் சாதி எல்லையைத் தாண்டத் தயங்குகிறது. குடும்பப் பெயரை வைத்தே 'நம்மவர்' என்று அடையாளம் காணும் வழக்கம் மெனோனைட்டுகளிடமும் உண்டு. ஆனால் வயது வந்தபின் விரும்பிக் கேட்பவருக்கே ஞானஸ்நானம் என்பது அவர்கள் கொள்கை. பிறப்பால் மட்டும் யாரும் உறுப்பினராக முடியாது. குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுக்கும் தேரிச் சபைக்கு 'நம்மவர்' யார் என்ற கேள்வி கல்யாணப் பேச்சின்போதுதான் வருகிறது.