மருத்துவர் நோக்கிற் பல்கலைக்கழகம்: ஆ. இலட்சுமணசுவாமி முதலியார்

தென்னாசியப் பல்கலைக்கழக வரலாற்றில் 1942ஆம் ஆண்டு இருவகையாற் குறிப்பிடத்தக்கதாகும். அவ்வாண்டு யூலை மாதத்தில் இலங்கைப் பல்கலைக்கழகம் சட்ட அறிஞரான ஐவர் ஜெனிங்ஸைத் துணைவேந்தராகக் கொண்டு தோன்றியது. அதே ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பு மகப்பேற்று மருத்துவரான ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரைச் சேர்ந்தது. 1969ஆம் ஆண்டுவரை இருபத்தேழு ஆண்டுகள் அவர் அப்பதவியிலிருந்தார். மருத்துவத்திற் பெற்ற பயிற்சி அவருடைய கல்விச் சிந்தனையை எவ்வாறு உருவாக்கிற்று என்பதனை ஈண்டு நோக்குவோம்.

முதலியார் 1887ஆம் ஆண்டு கர்நூலிற் பிறந்தார். ஐக்கிய நாடுகள் பொருளாதார சமூகப் பேரவையின் முதல் தலைவரான இராமசாமி முதலியார் இவருடன் இரட்டையராய்ப் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்ற இவர், பின்னர் அம்மருத்துவக் கல்லூரிக்கே முதல்வரானார். மகப்பேற்று மருத்துவம் பற்றி இவர் எழுதிய பாடநூல் பல தலைமுறை மாணவர்க்குக் கைநூலாயிற்று. 1961இல் உலக சுகாதாரப் பேரவை புதுடில்லியிற் கூடியபோது அதற்குத் தலைமை தாங்கியவரும் இவரே.

இவரது நோக்கினை இரு அறிக்கைகள் தெளிவாகக் காட்டுகின்றன. இந்திய அரசு 1959இல் இவர் தலைமையில் நியமித்த சுகாதாரக் குழு 1961இல் அறிக்கை சமர்ப்பித்தது. புதிய ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பெருக்குவதன் முன்னர் இருப்பனவற்றை வலுப்படுத்தல் வேண்டும் என்பதும், ஒரு நிலையம் 40,000 மக்களுக்கு மேற்பட்டோர்க்குப் பணியாற்றலாகாது என்பதும் அக்குழுவின் துணிபு. நிலையங்களின் எண்ணிக்கை வேறு, மக்களின் நலம் வேறு என்பதனை உணர்ந்த மருத்துவரின் கூற்று இது.

இதற்கு முன்னர், 1952-53இல் அவர் தலைமை வகித்த இடைநிலைக் கல்வி ஆணைக்குழுவும் இத்தகைய நோக்கையே கொண்டிருந்தது. புறப்பரீட்சைகளைக் குறைத்தல் வேண்டும், மாணவனின் பாடசாலைப் பதிவேடுகளையும் மதிப்பிடல் வேண்டும் என அது விதந்துரைத்தது. இணைப்புக் கல்லூரிகளின் மாணவர்க்குப் பரீட்சை நடத்துதலையே பெரும்பணியாகக் கொண்ட ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவர் இவ்வாறு கூறியமை நம் கவனத்துக்குரியது.

பல்கலைக்கழகத்தினுள்ளும் அவர் ஆய்வுக்கு இடமளித்தார். அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் 1944இல் கிண்டியிற் தொழினுட்பக் கல்லூரி எழுந்தது. பௌதிகவியற் துறைக்குத் தலைவரை நாடியபோது, சி. வி. இராமனின் பரிந்துரையை ஏற்று, முப்பது வயதளவேயான ஜி. என். இராமச்சந்திரனை 1952இல் அழைத்துக்கொண்டார். ஈராண்டுகளில் இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் என்னும் புரதம் மூவிழைச் சுருள் அமைப்புடையது என்னும் கருத்தினை வெளியிட்டனர். தோலுக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பொருளின் அமைப்பு, ஒரு மருத்துவர் தலைமையிலான பல்கலைக்கழகத்திற் பௌதிகவியலாளராற் துலங்கிற்று.

எனினும் போற்றுதலோடு நின்றுவிடுதல் வரலாற்று மாணவர்க்கு ஏற்றதன்று. இடைநிலைக் கல்வி முழுவதிலும் தாய்மொழியோ பிரதேச மொழியோ போதனாமொழியாதல் வேண்டும் என்று அவருடைய ஆணைக்குழு கூறிற்று. ஆயின் அவர் காலம் முழுவதும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உயர்கல்வியின் முதன்மை மொழியாக ஆங்கிலமே நிலவிற்று. கிராமத்துப் பாடசாலையிற் தமிழிற் பயின்று வந்த மாணவன் பல்கலைக்கழக வாயிலில் மொழித்தடை ஒன்றினைக் கடக்க வேண்டியிருந்தது. அடித்தளத்தை முதலில் வலுப்படுத்துக என்ற கொள்கை, அவ்வடித்தளத்திலிருந்து மேலேறும் படியை அமைக்கவில்லை. இலங்கையிற் கலைப்பீடத்தில் 1960இலிருந்து தாய்மொழியிற் கற்க வாய்ப்புப் பெற்ற தலைமுறைகளின் வழிவந்தோர்க்கு இக்குறை எளிதிற் புலனாகும். அதேவேளை, நூல்களும் ஆய்வுகளும் போதியளவு இன்றி மொழியை மட்டும் மாற்றுதலும் நிறைவான தீர்வன்று என்பதனை நம் அனுபவமே உணர்த்துகின்றது.

ஒருவரே இருபத்தேழு ஆண்டுகள் பதவி வகித்தலும் விவாதத்துக்குரியதே. தொடர்ச்சி நிறுவனத்துக்கு உறுதி தரும். ஆனால் மாற்றுக் கருத்துகள் தலைமைக்கு வரும் வழியை அது குறுக்கவுங்கூடும்.

முதலியார் 1974இல் மறைந்தார். பட்டதாரிகளின் தொகையையும் கட்டடங்களின் தொகையையும் கொண்டே பல்கலைக்கழகங்கள் பெரிதும் அளக்கப்படும் இந்நாளில், அவருடைய அறிக்கைகள் எழுப்பும் வினா நமக்குப் பயன்படும்: எத்தனை நிறுவனங்கள் உள என்பதன்று, அவற்றை நாடி வருவோர் நலம் பெறுகின்றனரா என்பதே அவ்வினா. அதனை அவர் தலைமை தாங்கிய பல்கலைக்கழகத்தை நோக்கியும், நாம் பயிலும் பல்கலைக்கழகத்தை நோக்கியும் எழுப்புதல் நம் கடனாகும்.