பன்னிரண்டில் இரண்டு, இருநூறில் ஏழு: அரசுப் பணியில் நமது பங்கின் வரலாறு

தமிழக அரசின் பணித் தேர்வு அறிவிப்புகளில் 'பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் (முஸ்லிம்)' என்றொரு பிரிவு இடம்பெறுவதை நம் பிள்ளைகள் காண்கின்றனர். இதை அண்மைக்காலத்தில் கிடைத்த ஒரு சலுகை என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். ஆனால் இதன் வேர் நூறாண்டுகளுக்கு முந்தையது. அந்த வரலாற்றை அறிந்தால்தான் இன்றைய விதிகளின் பொருள் நமக்கு முழுமையாக விளங்கும்.

1921ஆம் ஆண்டு, சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சி நடைபெற்ற காலத்தில், அரசுப் பணிகளில் எல்லா வகுப்பாரும் இடம்பெற வேண்டும் என்னும் வகுப்புவாரி அரசாணை பிறந்தது. அது நடைமுறைக்கு வர மேலும் சில ஆண்டுகள் ஆயின. சுப்பராயன் அமைச்சரவையில் இருந்த எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால் 1927இல் அதற்குத் திட்டவட்டமான வடிவம் கிடைத்தது. நிரப்பப்படும் ஒவ்வொரு 12 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு 1 என்று முறை வகுக்கப்பட்டது. 12 நிரம்பியதும் சுற்று மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். 1947இல் இச்சுற்று 14 இடங்களாக மாற்றப்பட்டபோது முஸ்லிம்களுக்குரிய இடம் ஒன்றாகக் குறைந்தது.

1950இல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பணியில் யாவருக்கும் சமவாய்ப்பு என்பதை அதன் 16ஆவது பிரிவு உறுதி செய்தது. போதிய இடம் பெறாத பிற்பட்ட வகுப்பினருக்கு மட்டும் இட ஒதுக்கீடு செய்யலாம் என்று அதே பிரிவு விலக்கும் அளித்தது. அவ்வேளையில் சென்னை மாகாணத்தில் 83 மாவட்ட முன்சீப் பணியிடங்கள் வகுப்புவாரியாகப் பங்கிடப்பட்டிருந்தன. அவற்றுள் முஸ்லிம்களுக்கு உரியவை 5. இப்பங்கீட்டை எதிர்த்து வெங்கடரமணா என்பவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1951 ஏப்ரல் 9 அன்று வெளிவந்த தீர்ப்பு, அரிசனங்களுக்கும் பிற்பட்ட இந்துக்களுக்கும் ஒதுக்கியது செல்லும் என்றும், மற்ற வகுப்பாருக்குப் பங்கிட்டது செல்லாது என்றும் கூறியது. முஸ்லிம்களின் அந்த ஐந்து இடங்களுக்கான ஒதுக்கீடும் அத்துடன் நீங்கியது.

இத்தீர்ப்பில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. சமயத்தின் பெயரை மட்டும் கொண்டு பங்கு கோர இயலாது. கல்வியிலும் சமூக நிலையிலும் பின்தங்கியவர் என்பதை நிறுவினால் கோரலாம். பின்வந்த காலங்களில் நமது உரிமை இந்த வழியிலேயே மீண்டும் கட்டப்பட்டது. முஸ்லிம்களுள் பல பிரிவினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் படிப்படியாக இடம்பெற்றனர். எனினும் அப்பட்டியலில் எண்ணற்ற சாதியினர் இருந்ததால், பெரும் போட்டிக்கிடையே நம்மவர் பெற்றது சிறிதளவே. நீதியரசர் ஜனார்த்தனம் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து, 2007 செப்டம்பரில் அன்றைய முதல்வர் மு. கருணாநிதி அவர்களின் அரசு, பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டுக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காட்டைத் தனியே வகுத்தது. கிறிஸ்தவர்களுக்கும் அவ்வாறே 3.5 விழுக்காடு தரப்பட்டது. ஆனால் முன்பு கிடைத்ததைவிடக் குறைவாகவே கிடைக்கிறது என்று கூறி, அவர்கள் 2008இல் அதனைக் கைவிடச் செய்தனர்.

இன்று இருநூறு இடங்களைக் கொண்ட சுழற்சி முறையில் 7 இடங்கள் நமக்குரியவை. அதற்காக நமது எல்லை ஏழோடு முடிந்துவிடுவதில்லை. 31 விழுக்காடான பொதுப்பிரிவு யாவருக்கும் திறந்திருக்கின்றது. உயர்ந்த மதிப்பெண் பெற்று அதில் இடம்பிடிக்கும் முஸ்லிம் இளைஞர் 3.5 விழுக்காட்டின் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. அவ்விடம் மற்றொரு பிள்ளைக்கு எஞ்சியிருக்கும்.

1951ஆம் ஆண்டின் தீர்ப்பு இன்றும் நம் இல்லங்களைத் தொடுகின்றது. அன்சார், தக்காணி முஸ்லிம், துதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளை, ஷேக், சையத் ஆகிய பிரிவினரே பட்டியலில் உள்ளனர். சாதிச் சான்றிதழில் 'முஸ்லிம்' என்று மட்டும் இருந்தால் போதாது. பிரிவின் பெயரும் இருத்தல் வேண்டும். பள்ளியில் சேர்க்கும் நாளில் பெற்றோர் செய்யும் சிறு கவனக்குறைவு, இருபது ஆண்டுகளுக்குப் பின் சான்றிதழ் சரிபார்ப்பின்போது பிள்ளையின் உழைப்பையே கேள்விக்குறியாக்கிவிடக்கூடும்.

பதவி உயர்வின் விதி வேறு. பதவி உயர்வில் இட ஒதுக்கீடு கூடாது என்று 1992ஆம் ஆண்டின் மண்டல் வழக்குத் தீர்ப்பு கூறியது. 1995இல் 77ஆவது சட்டத்திருத்தம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மட்டும் அதற்கு வழிவகுத்தது. ஆகவே பணியில் நுழையும் வாயிலில்தான் நமக்கு ஒதுக்கீடு உண்டு. அதன்பின் மேலே ஏறுவதற்குப் பணிமூப்பு, துறைத் தேர்வுகளில் தேர்ச்சி, குற்றமற்ற பணிப்பதிவு ஆகியனவே துணை. இளம் வயதிலேயே பணியில் சேர்பவருக்கும், துறைத் தேர்வுகளைத் தள்ளிப்போடாதவருக்கும் உயர் பதவியை எட்டும் காலம் மிகுதி. முப்பதைக் கடந்த பின் தேர்வெழுதத் தொடங்குபவர் அக்காலத்தை இழந்துவிடுகின்றார்.

இந்திய ஆட்சிப் பணியில் முஸ்லிம்கள் 3 விழுக்காடு, காவல் பணியில் 4 விழுக்காடு என்று 2006இல் சச்சார் குழு எடுத்துரைத்தது. அன்று நாட்டின் மக்கள்தொகையிலோ நாம் 13.4 விழுக்காடு. இவ்விடைவெளியைக் குறைப்பதில் அரசுக்குப் பங்கு உண்டு, நமக்கும் உண்டு. பதவி என்பது அமானிதம் என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். அதற்குத் தகுதியுடையோரை உருவாக்குவதும் அந்த அமானிதத்தைச் சேர்ந்ததே. ஒவ்வொரு மஹல்லாவிலும் ஜமாஅத்தார் பத்தாம் வகுப்பு மாணவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்த்து, தேர்வு அறிவிப்புகளை ஜும்ஆவுக்குப் பின் எடுத்துரைத்து, ஏற்கெனவே அரசுப் பணியில் உள்ள ஒருவரை வழிகாட்டியாக அமர்த்தினால், அந்த ஏழு இடங்கள் நிறைவதோடு அதற்கு அப்பாலும் நம் பிள்ளைகள் செல்வார்கள், இன்ஷா அல்லாஹ்.