கேட்டவர் யார்? பணியிடப் படிநிலையும் செவிசாய்க்கும் பாணிகளும்

தமிழில் 'கேள்' என்னும் ஒரே வினைக்குள் மூன்று செயல்கள் குடியிருக்கின்றன. பாட்டைக் கேட்கிறோம், சந்தேகம் கேட்கிறோம், சொன்ன பேச்சைக் கேட்கிறோம். "நான் சொன்னா அவன் கேட்கமாட்டான்" என்று ஒரு மேலாளர் அலுத்துக்கொண்டால், அந்த ஊழியருக்குக் காது மந்தம் என்று யாரும் நினைப்பதில்லை. கேட்கும் பாணிகளைப் பற்றிய ஆய்வுகள், பணிவு என்னும் இந்த மூன்றாவது பொருளைக் கணக்கில் எடுக்காததால்தான் பாதி வழியில் நின்றுவிடுகின்றன என்பது என் வாதம்.

1995இல் வாட்சன், பார்க்கர், வீவர் ஆகிய மூவர் ஒரு வினாத்தாளை உருவாக்கினர். கேட்பவரின் நாட்டம் ஆளின்மீதா, செயலின்மீதா, உள்ளடக்கத்தின்மீதா, நேரத்தின்மீதா என்று அது நான்காகப் பகுத்தது. 2013இல் போடி, வொர்திங்டன், கியர்ஹார்ட் ஆகியோர் அதைத் திருத்தினர். பேசுபவரின் மனநிலையைக் கவனிப்பவர், முழுவதும் கேட்கும்வரை தீர்ப்பை ஒத்திவைப்பவர், 'விஷயத்துக்கு வா' என்பவர், முரணைத் துருவிப் பிடிப்பவர் என்பது புதிய பகுப்பு. பயனுள்ள பகுப்புதான். ஆனால் இரண்டிலும் விடை எழுதுபவர் கேட்பவரே. தன் காதுக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்கிறார்.

அந்த மதிப்பெண்ணில் படிநிலை ஏன் பிடிபடுவதில்லை என்பதை ஒரு விபத்து காட்டும். 1977 மார்ச் 27. டெனரீஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் மூடுபனி. கேஎல்எம் விமானம் ஓடுபாதையின் முனையில் நிற்கிறது. பான் ஆம் விமானம் அதே பாதையில் இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கிறது. கேஎல்எம் துணை விமானி வழித்தட அனுமதியை முறைப்படி திருப்பிச் சொல்லிவிட்டு, தாங்கள் புறப்பாட்டில் இருப்பதாக ஒரு வாக்கியத்தையும் சேர்த்தார். புறப்படத் தயாராக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்ட கட்டுப்பாட்டுக் கோபுரம் 'ஓகே' என்றது. அடுத்துக் கோபுரம் காத்திருக்கச் சொன்னதும், பாதையில் இருக்கிறோம் என்று பான் ஆம் சொன்னதும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கீச்சொலியாகிவிட்டன. கேஎல்எம் விமானி அறையில் தெளிவாக விழுந்தது அந்த 'ஓகே' மட்டும். நம் "சரிங்க சார்" போன்ற சொல் அது. காதில் விழுந்ததா, புரிந்ததா, சம்மதமா, எதையும் அது காட்டிக்கொடுப்பதில்லை.

பாதையை விட்டு விலகியதும் தெரிவிப்பதாகப் பான் ஆம் பிறகு சொன்னது கேஎல்எம் அறையிலும் கேட்டது. அங்கிருந்த விமானப் பொறியாளர் அதைப் பிடித்துக்கொண்டார். பான் ஆம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். அவர் அந்நிறுவனத்தின் மூத்த பயிற்றுநர்; பணிநேர வரம்பு நெருங்கும் அவசரமும் அவருக்கு இருந்தது. பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை. அரை நிமிடத்துக்குள் விமானங்கள் மோதின. இறந்தவர்கள் 583 பேர்.

பொறியாளர் முரண் பிடிக்கும் வகை, தலைமை விமானி 'விஷயத்துக்கு வா' வகை என்று பயிற்சி வகுப்பில் எளிதாக விளக்கிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருக்கைகளை மாற்றிப் போட்டுப் பார்ப்போம். அதே ஐயம் தலைமை விமானிக்கு எழுந்திருந்தால் விமானம் நின்றிருக்கும். பொறியாளரின் காதில் பழுதில்லை. அவருடைய கேள்விக்குத்தான் எடையில்லை. பாணி ஆளிடம் இருந்ததைவிட நாற்காலியில் அதிகம் இருந்தது.

விமானத் துறை கற்ற பாடமும் ஏறக்குறைய இதுதான். 'டேக்ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பாட்டு அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்துவது என்று வரையறுத்தார்கள். 1979இல் நாசா நடத்திய பயிலரங்கை அடுத்து, 1981இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானக் குழுவினருக்குப் புதிய பயிற்சியைத் தொடங்கியது. இளையவர் ஐயத்தைத் துணிந்து சொல்லவும் மூத்தவர் அதைக் காதில் வாங்கவும் அது பழக்கியது.

திருக்குறளில் 'கேள்வி' அதிகாரம் அரசியல் பகுதியில் வைக்கப்பட்டிருப்பதை இங்கே நினைக்கலாம். மூன்று அதிகாரங்கள் தள்ளி, இடித்துரைப்பவர்களை அரசன் துணைக்கொள்ள வேண்டும் என்ற பேச்சும் வருகிறது. கேட்கும் கடமை அங்கே ஆள்பவன் தலையில் இருக்கிறது. இன்றைய பயிலரங்குகளோ பெரும்பாலும் கீழே இருப்பவரைத்தான் உட்காரவைத்துக் 'கவனிக்கக் கற்றுக்கொள்' என்கின்றன. (ஓட்டலில் சர்வர் "ரெண்டு இட்லி, ஒரு வடை, காபி சக்கரை கம்மி" என்று திருப்பிச் சொன்னால் நாம் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அதிகாரி சொன்னதை உதவியாளர் திருப்பிக் கேட்டால் மட்டும் முகம் சுருங்குகிறது.)

ஆகவே ஆய்வுமுறையில் ஒரு மாற்றத்தை முன்வைக்கிறேன். மேலாளர் தம்மைப் பற்றி நிரப்பும் வினாத்தாளை, அவரைப் பற்றி அவருக்குக் கீழே வேலை செய்பவர்களும் நிரப்பட்டும். இரண்டு விடைகளுக்கும் உள்ள இடைவெளியையே அளவாகக் கொள்ளலாம். கீழே இருப்பவர்கள் நிரப்பும் தாளில் பெயருக்கு இடம் விடக்கூடாது.