பெக்போர்டு: சட்டிக்கு ஒரு விலாசம்

பெக்போர்டு என்றால் என்ன என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். வரிசையாக ஓட்டை போட்ட பலகை. ஓட்டையில் கொக்கி, கொக்கியில் சாமான். அவ்வளவுதான். தையல் அறை, கைவினை அறை என்று வீட்டில் ஒரு மூலையை ஒதுக்கியிருப்பவர்கள் இப்போது கத்தரிக்கோல், நூல்கண்டு, அளவுநாடா, பிரஷ் எல்லாவற்றையும் இதில்தான் மாட்டுகிறார்கள்.

இந்தச் சாதாரணப் பலகைக்கும் ஒரு வரலாறு இருக்கு. அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஒரு மர அறுவை ஊரில் தொடங்கி, இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கண்டியைத் தொட்டுவிட்டு, மாசசூசெட்ஸில் ஒரு சமையலறைச் சுவரில் வந்து நிற்கிறது. அந்தச் சுவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. முதலில் பலகை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

கழிவு மரத்திலிருந்து பலகை

மிசிசிப்பி மாநிலத்தில் லாரல் என்று ஓர் ஊர். 1920-களில் அங்கே மர அறுவை ஆலைகள் நிறைய. மரத்தை அறுத்தால் பலகை எவ்வளவு வருமோ, கிட்டத்தட்ட அதே அளவுக்குச் சிராய்ப்பும் துண்டும் மிஞ்சும். அதை எரித்துத்தான் தீர்ப்பார்கள். எடிசனிடம் வேலை பார்த்த வில்லியம் மேசன் என்பவர் இந்தக் கழிவை ஏதாவது செய்ய முடியுமா என்று முயன்றுகொண்டிருந்தார்.

அவர் கண்டுபிடித்த முறை கொஞ்சம் முரட்டுத்தனமானது. மரத்துண்டுகளை ஒரு வலுவான இரும்புக் கலத்தில் அடைத்து, நீராவியை உச்ச அழுத்தத்துக்கு ஏற்றி, சட்டென்று வாயைத் திறந்துவிடுவது. துண்டுகள் வெடித்துப் பஞ்சாகப் பிரிந்துவிடும். அந்தப் பஞ்சைப் பரப்பி, சூடான அச்சில் அழுத்தினால் கெட்டியான பலகை. பசையே தேவையில்லை, மரத்துக்குள் இயற்கையாக இருக்கும் லிக்னின் என்ற பொருளே சூட்டில் இளகி, நாரை நாரோடு ஒட்டிவிடுகிறது. மேசன் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் அச்சின் நீராவி வால்வு சரியாக மூடாமல் இருந்ததாகவும், திரும்பி வந்தபோது மெத்தென்ற அட்டைக்குப் பதில் கல் மாதிரிப் பலகை கிடைத்ததாகவும் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1924-ல் கண்டுபிடித்த அந்தப் பலகைக்கு மேசனைட் என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1929-ல் பெரிய அளவில் உற்பத்தி தொடங்கியது. நாம் ஹார்டுபோர்டு என்று சொல்வது இதைத்தான்.

மெல்லியது, மலிவானது, ஒரு பக்கம் வழவழப்பு, எங்கே துளைத்தாலும் பிளக்காது. மரப்பலகையில் இஞ்சுக்கு ஒரு ஓட்டை போட்டுப் பாருங்கள், ரேகையோடு விரிசல் ஓடும். ஹார்டுபோர்டில் ரேகையே கிடையாது. ஆக, வரிசையாக ஓட்டை போடத் தோதான பலகை கிடைத்துவிட்டது. போருக்குப் பிறகு அமெரிக்காவில் "நாமே செய்துகொள்வோம்" என்ற ஆர்வம் பரவியபோது, கார் ஷெட்டிலும் கடைகளிலும் இந்த ஓட்டைப் பலகை ஏறியது. பெக்போர்டு என்பதும் முதலில் ஒரு வணிகப் பெயர்தான். பிறகு பொருளுக்கே பெயராகிவிட்டது.

கவனியுங்கள்: கார் ஷெட், பட்டறை, கடை. அதாவது, வேலை நடக்கிற இடம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட இடங்கள். வீட்டுச் சமையலறை அந்தப் பட்டியலில் அவ்வளவு சுலபமாகச் சேரவில்லை. அங்கே வேறு ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

வேறொருவர் முடிவு செய்த இடம்

1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். நகர நிர்வாகம் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகளுக்கானது. அகலம் இரண்டு மீட்டருக்கும் குறைவு, நீளம் மூன்றரை மீட்டருக்குள். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எத்தனை முறை குனிகிறார் என்று கணக்குப் பார்த்துப் போட்ட திட்டம். சர்க்கரை, அரிசி என்று பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள்கூட வரிசையாக உண்டு. ஏறத்தாழ 10,000 வீடுகளில் இது அமைக்கப்பட்டது. இன்றைய மாடுலர் கிச்சனுக்கு இதைத்தான் பாட்டி என்பார்கள்.

நல்ல எண்ணத்தோடு செய்த வேலை, சந்தேகமே இல்லை. பெண்களின் உழைப்பை முதல்முறையாக உழைப்பாக மதித்து அளந்தவர்களில் ஷூட்டே-லிஹோட்ஸ்கியும் ஒருவர். ஆனால் குடிவந்த பெண்கள் பலர் திண்டாடினார்கள். ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய இடம். எல்லாம் சுவரோடு பொருத்தியது, நகர்த்த முடியாது. சர்க்கரை என்று எழுதிய பெட்டியில் உங்கள் வீட்டுக்கு வேறு ஏதாவது வைக்கத் தோன்றினால்? பெட்டியில் எழுதியது எழுதியதுதான். எந்தச் சாமான் எங்கே என்று முடிவு செய்தவர் வேறு, அங்கே நின்று சமைப்பவர் வேறு.

கண்டியில் ஓர் ஆவணக்காரி

இங்கே கதை இலங்கைக்கு வருகிறது. 1944-ல் நேசநாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் டெல்லியிலிருந்து கண்டிக்கு மாறியது. தளபதி மவுண்ட்பேட்டன் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் முகாம் போட்டார். அமெரிக்காவின் போர்க்கால உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ்.-க்கும் கண்டியில் ஓர் அலுவலகம் இருந்தது. அங்கே ஆவணப் பிரிவுக்குத் தலைவியாக வந்தவர் ஜூலியா மெக்வில்லியம்ஸ். ஆறடிக்கும் மேல் உயரம். ரகசியத் தாள்கள் வரவர எண் போட்டு, அட்டை எழுதி, எது எங்கே இருக்கிறது என்று எப்போது கேட்டாலும் எடுக்கும்படி அடுக்கி வைப்பதுதான் வேலை. சுவாரசியமான வேலை இல்லை. ஆனால் அதன் அடிப்படை விதி முக்கியமானது: தாள் இருக்கும் இடம் ஒருவர் மண்டைக்குள் மட்டும் இருக்கக் கூடாது. அவர் காய்ச்சலில் படுத்தாலும் அடுத்தவர் வந்து எடுக்க வேண்டும்.

அதே அலுவலகத்தில் பால் சைல்ட் என்ற ஓவியரும் இருந்தார். போர்த்திட்ட அறைகளுக்கான வரைபடங்களையும் விளக்கப்படங்களையும் தயாரிப்பது அவர் பொறுப்பு. பத்துப் பக்கம் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியதைச் சுவரில் ஒரே பார்வையில் தெரிய வைக்கும் கலை அது. போட்டோ, மரவேலை எல்லாம் அவருக்குக் கைவந்தவை.

இருவரும் அடுத்து சீனாவுக்கு மாற்றலானார்கள். 1946 செப்டம்பரில் கல்யாணம். 1948-ல் பாலுக்கு பாரிஸில் அமெரிக்கத் தகவல் துறையில் கண்காட்சிகளுக்குப் பொறுப்பான வேலை. ஜூலியா அடுத்த ஆண்டு லெ கார்டன் ப்ளூ சமையல் பள்ளியில் சேர்ந்தார். சிமோன் பெக், லூயிசெட் பெர்தோல் ஆகியோரோடு அவர் எழுதிய பிரெஞ்சுச் சமையல் புத்தகம் 1961-ல் வந்தது. 1963 முதல் தொலைக்காட்சியில் சமைத்து அமெரிக்காவுக்கே தெரிந்த முகமானார். மீதிக் கதை பலருக்கும் தெரிந்ததே.

சுவரில் வரைந்த கோடு

1961-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் நகர வீட்டுக்கு இந்தத் தம்பதி குடிவந்தபோது, சமையலறையைத் திட்டமிட்டவர் பால். ஜூலியா உயரமானவர் என்பதால் சமையல் மேடை வழக்கமான 36 அங்குலத்துக்குப் பதில் 38 அங்குலம். அழகான கதவு போட்ட அலமாரிக்குள் பாத்திரத்தை ஒளித்து வைக்கும் காலம் அது. பால் செய்தது நேர் எதிர். சுவரில் பெக்போர்டை அடித்து, நீல வண்ணம் பூசி, சட்டி, வாணலி, கத்தி, கரண்டி எல்லாவற்றையும் வெளியே மாட்டினார். பிறகு ஒவ்வொரு பாத்திரத்தைச் சுற்றியும் அதன் வடிவத்தைப் பலகையிலேயே கோடாக வரைந்துவிட்டார்.

அந்தக் கோடுதான் விஷயம். சட்டியை எடுத்தால் அதன் உருவம் சுவரில் நிற்கும். எது வெளியே போயிருக்கிறது என்று தெரியும். எங்கே திரும்ப வேண்டும் என்றும் தெரியும். பட்டறைகளில் இதற்கு நிழல் பலகை என்று பெயர். விமானப் பராமரிப்புக் கூடங்களில் இன்றும் கருவிகளை இப்படித்தான் வைக்கிறார்கள். வேலை முடிந்தபின் ஒரு ஸ்பேனரின் இடம் காலியாக இருந்தால், அது எஞ்சினுக்குள் கிடக்கலாம் என்று அர்த்தம்.

பாலும் ஃபிராங்க்ஃபர்ட் கலைஞரும் செய்தது மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுதான்: ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம். ஆனால் வரிசை தலைகீழ். அங்கே முதலில் இடம், பிறகு ஆள். இங்கே முதலில் சமைக்கிற ஆளின் கை எட்டும் தூரம், அவருடைய சட்டிகள், கடைசியில்தான் கோடு. அவர்களே பிரான்ஸின் பிளாஸ்கசியேவில் 1960-களின் நடுவில் கட்டிய விடுமுறை வீட்டுச் சமையலறையிலும் இதே ஓட்டைப் பலகை, இதே கோடுகள்.

கண்டியில் ஒருவர் அட்டை எழுதினார், ஒருவர் வரைபடம் வரைந்தார். கேம்பிரிட்ஜ் சுவர் இரண்டும் சேர்ந்தது மாதிரி இருக்கிறது என்பது என் வாசிப்பு. அட்டைப் பெட்டியை வரைபடமாக மாற்றிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

பலகை மாட்டும்போது

இதைப் படித்துவிட்டு மாட்டத் தோன்றினால், நான் என் தையல் அறையில் செய்த முறையைச் சொல்கிறேன்.

பெக்போர்டை நேராகச் சுவரோடு சேர்த்து அடிக்கக் கூடாது. கொக்கியின் வளைந்த முனை ஓட்டைக்குள் போய் மேலே திரும்ப வேண்டும். அதற்குப் பின்னால் குறைந்தது அரை அங்குலமாவது காலி இடம் வேண்டும். சுவரில் முதலில் ரீப்பர் கட்டைகளைப் பிளக் போட்டு ஸ்க்ரூவால் முடுக்குங்கள். நான்கு ஓரமும் ஒரு கட்டை, அகலமான பலகை என்றால் நடுவிலும் ஒன்று. மட்டம் பார்த்த பிறகுதான் பலகை. ஒரு வரிசை சாய்ந்தாலும் அத்தனை ஓட்டையும் சேர்ந்து காட்டிக்கொடுக்கும்.

நூல்கண்டு, கத்தரிக்கோலுக்கு எட்டில் ஒரு அங்குலப் பலகை போதும். இரும்புச் சாமான், கனமான சட்டி என்றால் கால் அங்குலம் எடுங்கள். கொக்கியையும் அந்த ஓட்டை அளவுக்குப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் சாமானோடு கொக்கியும் கையில் வரும். ஹார்டுபோர்டுக்கு ஈரம் ஆகாது, ஊறி உப்பிவிடும். இரண்டு பக்கமும் பெயின்ட் அடித்துவிட்டு, ஓதம் ஏறாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள்.

கோட்டை மட்டும் உடனே வரையாதீர்கள். மூன்று நான்கு வாரம் வேலை பாருங்கள். கை தானாக எங்கே போகிறதோ அங்கே சாமானை மாற்றிக்கொண்டே வாருங்கள். மாற்றுவது நின்ற பிறகு பேனாவை எடுக்கலாம். முதல் நாளே வரைந்தால் நீங்களும் சர்க்கரைப் பெட்டியில் பெயர் பொறித்தவராகிவிடுவீர்கள். கோட்டுக்கு ஒரு குறையும் உண்டு: புதிதாக ஒன்று வாங்கினால் அதற்குச் சுவரில் இடமிருக்காது, பழைய கோட்டை அழிக்க வேண்டும். அழிக்கத் தயாராக இருங்கள்.

சட்டிகள் திரும்பிய கதை

2001-ல் ஜூலியா கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, அந்தச் சமையலறையை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களைப் பட்டியலிட்டு, கழற்றி, எடுத்துப்போய்த் திரும்பப் பூட்டினார்கள். 2002 ஆகஸ்டில், அவருடைய தொண்ணூறாவது பிறந்தநாளை ஒட்டிக் கண்காட்சி திறந்தது. ஆனால் செம்புச் சட்டிகள் மட்டும் அங்கே போகவில்லை. கலிபோர்னியாவின் நாப்பாவில் கோபியா என்ற உணவு, ஒயின் மையத்துக்குப் போயின. 2008-ல் கோபியா மூடப்பட்டது. 2009-ல் செம்புச் சட்டிகளும் ஸ்மித்சோனியனுக்கு வந்து மற்ற பாத்திரங்களோடு சேர்ந்தன. பால் 1994-லும் ஜூலியா 2004-லும் இறந்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள் இருவரும் போன பிறகும் சட்டி "திரும்பி வந்தது" என்று சொல்ல முடிகிறது என்றால், அதற்கென்று ஓர் இடம் இருந்ததால்தான்.

நம் வீடுகளில் "அந்தக் கரண்டி எங்கே?" என்று கேட்டால் "அம்மாவைக் கேளு" என்பதுதான் பதில். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்பதைப் பெருமையாகச் சொல்வோம். அதன் மறுபக்கம், அம்மா ஊருக்குப் போனால் அடுப்பு எரியாது. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் படுக்கையிலிருந்தே "மேல் தட்டுல, இடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இடம் தெரியாதவர் உதவிக்கு வந்தாலும் உபத்திரவம்தான். பாத்திரம் கழுவித் தருகிறேன் என்பவர்கூட, கழுவியதை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டு நிற்பார்.

சுவரில் ஒரு கோடு இருந்தால் அந்தக் கேள்வியே வராது. எடுத்தவர் யாராக இருந்தாலும் திரும்ப வைக்கலாம். வைக்கத் தெரிந்த பிறகு, "எனக்கு எங்க இருக்குன்னு தெரியாதே" என்று நழுவவும் முடியாது.