ஆனையிறவைப் பேசியவர் ரூபஸ்குளத்தைப் பேசவில்லை

2020 ஜூன் மாதம் பொதுத்தேர்தல் பிரசாரம் கிழக்கில் சூடுபிடித்திருந்தது. அம்பாறை மாவட்டத்தின் நாவிதன்வெளியில் நடந்த கூட்டமொன்றில் கருணா அம்மான் எனப்படும் விநாயகமூர்த்தி முரளிதரன் பேசினார். ஆனையிறவில் ஒரே இரவில் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் வரையான இராணுவத்தினரைக் கொன்றதாகவும், தாம் கொரோனாவைவிடப் பயங்கரமானவர் என்றும் அவர் குறிப்பிட்டார். தென்னிலங்கை கொதித்தெழுந்தது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அவரை அழைத்து வாக்குமூலம் பெற்றது. தேர்தல் முடிந்ததும் விடயம் மறக்கப்பட்டது.

அந்தப் பேச்சின் இராணுவ வரலாறே பிழையானது. ஆனையிறவுத் தளம் 2000 ஏப்ரல் 22ஆம் திகதி புலிகளிடம் வீழ்ந்தது. அது ஓரிரவுச் சமரின் விளைவன்று. பல மாதங்களாகத் தொடர்ந்த நகர்வுகளின் முடிவு. மார்ச் இறுதியில் குடாரப்பில் தரையிறங்கித் தளத்தின் விநியோகப் பாதையை ஊடறுத்த அணிக்குத் தலைமை தாங்கியவர் பால்ராஜ். கருணாவின் பெயர் அதிகம் பேசப்பட்டது அதற்கு முன்னர், 1997 மே முதல் 1998 டிசம்பர் வரை நீடித்த ஜெயசிக்குறு நடவடிக்கைக்கு எதிரான சமர்களில்தான். மட்டக்களப்பு, அம்பாறைப் போராளிகள் வன்னிக்குச் சென்று பெருந்தொகையாக மடிந்த களம் அது.

ஆனால் இக்கட்டுரை ஆனையிறவைப் பற்றியதன்று. நாவிதன்வெளிக்கு மிக அண்மையில் கல்முனை இருக்கிறது. அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே சென்றால் திருக்கோவில். அதற்கு அப்பாலுள்ள காட்டுப் பகுதியில் ரூபஸ்குளம். அந்த மேடையில் நின்றவரிடம் இம்மாவட்டத்து மக்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஆனையிறவைப் பற்றியதல்ல, ரூபஸ்குளத்தைப் பற்றியது.

1990 மார்ச்சில் இந்திய அமைதி காக்கும் படையின் கடைசி அணி வெளியேறியது. பிரேமதாச அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான பேச்சுவார்த்தை அப்போது பெயரளவில் நீடித்தது. ஜூன் இரண்டாம் வாரத்தில் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சுற்றிவளைத்துச் சரணடையக் கோரினர். அமைச்சர் ஏ.சி.எஸ். ஹமீத் புலிகளோடு பேசிக்கொண்டிருந்தார். கல்முனைப் பொலிஸார் எளிதில் பணியவில்லை, எதிர்த்து நின்றனர். ஆனால் கொழும்பிலிருந்து வந்த கட்டளை, ஆயுதங்களை ஒப்படைத்துச் சரணடையுமாறு கூறியது. அப்போது பொலிஸ் மா அதிபராக இருந்தவர் ஏர்னஸ்ட் பெரேரா.

உயிருக்குப் பாதுகாப்பு உண்டு என்ற நம்பிக்கையில் ஆயுதங்களைக் கீழே வைத்தவர்களுள் தமிழர்கள் தனியே பிரிக்கப்பட்டனர். சிங்கள, முஸ்லிம் பொலிஸார் கைகள் கட்டப்பட்டு, ரூபஸ்குளம் காடு உள்ளிட்ட இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டோர் தொகை பொதுவாக 600இற்கு மேல் என்று சொல்லப்படுகிறது, 774 என்ற கணக்கும் உண்டு. சமரில் ஒருவர் வீழ்வது வேறு, சரணடைந்த பின் கொல்லப்படுவது வேறு. இரண்டாவதற்கு எந்தப் போர்ச் சட்டத்திலும் இடமில்லை.

அக்காலத்தில் புலிகளின் மட்டக்களப்பு, அம்பாறைக் கட்டளைத் தளபதி கருணா. அவ்வாண்டின் கிழக்குப் படுகொலைகளைப் புலிகளே செய்தனர், ஆனால் தாம் அவ்விடங்களில் இருக்கவில்லை என்பதே பிற்காலத்தில் அவர் தந்த விளக்கம். அது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். அந்த வாய்ப்பை எந்த அரசும் நீதிமன்றத்துக்கு வழங்கவில்லை.

மாறாக நடந்தது என்ன? 2004 மார்ச்சில் அவர் புலிகளிலிருந்து பிரிந்தார். 2008 ஒக்டோபரில் பாராளுமன்ற உறுப்பினரானார். 2009இல் தேசிய நல்லிணக்கத்துக்குப் பொறுப்பான அமைச்சரானார். தன்னுடைய 600 பொலிஸாரைப் பறிகொடுத்த அரசு, அந்தப் பகுதியின் அன்றைய தளபதியிடம் ஒரு கேள்வியும் கேளாமல் நல்லிணக்கத்தை ஒப்படைத்தது. 2025 மார்ச்சில் பிரித்தானியா மூன்று முன்னாள் படைத்தளபதிகளோடு சேர்த்து அவர் மீதும் தடை விதித்தது. அந்நிய நாடொன்று செய்ததைக்கூட நாம் செய்யவில்லை.

இதில் அரசை மட்டும் குறைகூறித் தப்பிக்க நாமும் முடியாது. இக்கரையோரத்து மூவின மக்களும் 1990ஐ மூன்று வெவ்வேறு ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறோம். சிங்கள மக்களுக்கு அது பொலிஸார் கொல்லப்பட்ட ஆண்டு. முஸ்லிம்களாகிய எமக்கு அது குருக்கள்மடமும் காத்தான்குடியும் ஏறாவூரும். ஜூலையில் கல்முனை வழியாகக் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்கள், ஹஜ் யாத்திரிகர் உட்பட, குருக்கள்மடத்தில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். ஒகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒரு வாரம் கடந்து ஏறாவூர். ஆண்டுதோறும் சுஹதாக்கள் தினத்தை நாம் அனுஷ்டிக்கிறோம். அது எமது கடமையும்கூட.

ஆனால் தமிழ் மக்களின் 1990 எமது மேடைகளில் ஒலிப்பதில்லை. பொலிஸார் கொல்லப்பட்ட பின்னர் ஜூன் மாதத்தில் கல்முனைக்குள் நுழைந்த இராணுவம் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பொதுமக்களைப் பழிவாங்கியது. ஒகஸ்ட் 12ஆம் திகதி, சம்மாந்துறைக்கு அருகிலுள்ள வீரமுனையில், பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். அதில் எமது சமூகத்தைச் சேர்ந்த ஊர்காவற் படையினருக்குப் பங்குண்டு என்பது இன்றுவரை நீடிக்கும் குற்றச்சாட்டு. காத்தான்குடிக்கு நீதி கேட்கும் நாம், வீரமுனை என்றதும் பேச்சை மாற்றுகிறோம். வீரமுனையைப் பேசுவோர் குருக்கள்மடம் என்றதும் மௌனிக்கிறார்கள். இந்த மௌனங்களின் நடுவில்தான் கருணா போன்றவர்கள் மேடை போட்டுக்கொள்கிறார்கள்.

2020 தேர்தலில் அதன் விளைவைக் கண்டோம். அம்பாறை மாவட்டத்தில் அவருக்கு சுமார் 29 ஆயிரம் வாக்குகள் கிடைத்தன. அவருக்கு ஆசனம் கிடைக்கவில்லை, தமிழ் வாக்குகள் பிளவுண்டதால் வேறெந்தத் தமிழருக்கும் கிடைக்கவில்லை. கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரத்தில் தமிழர், முஸ்லிம் உறவு கசந்திருந்த நேரம் அது. முஸ்லிம்களுக்கு எதிரான அச்சமே அந்த வாக்குகளில் பெரும்பகுதியைத் திரட்டியது என்பது என் கணிப்பு. அந்த அச்சத்தை வளர்த்ததில் எமது அரசியல்வாதிகளின் பங்கும் குறைந்ததல்ல.

உலக வரலாற்றில் இதற்கொரு பாடம் இருக்கிறது. 1940இல் சோவியத் இரகசியப் பொலிஸ், கைதிகளாயிருந்த போலந்து இராணுவ அதிகாரிகளையும் பொலிஸாரையும் கற்றின் காடு முதலான இடங்களில் சுட்டுக் கொன்றது. கொல்லப்பட்டோர் சுமார் 22 ஆயிரம் பேர். ஏறத்தாழ அரை நூற்றாண்டாகப் பழியை ஜெர்மனியர் மீது சுமத்திவந்த மொஸ்கோ, 1990 ஏப்ரல் 13ஆம் திகதி உண்மையை ஒப்புக்கொண்டது. ரூபஸ்குளத்துக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் முன்பு. வல்லரசொன்றே கடைசியில் ஒப்புக்கொண்ட உண்மையை, இச்சிறு தீவில் முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்தும் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

சரணடையச் சொன்ன கட்டளை எவருடையது? கொல்லச் சொன்ன கட்டளை எவருடையது? இவ்விரு கேள்விகளுக்கும் பதில் தெரிந்திருக்கக்கூடிய பலர் இன்றில்லை. ரஞ்சன் விஜேரத்ன 1991இலும் பிரேமதாச 1993இலும் கொல்லப்பட்டனர். ஹமீத் 1999இல் காலமானார். பிரபாகரன் 2009இல் கொல்லப்பட்டார். எஞ்சியிருப்போர் சிலரே. குருக்கள்மடத்துப் புதைகுழியைத் தோண்டும் முயற்சி 2014இல் நீதிமன்றம் வரை சென்றும் தள்ளிப்போனது. சாட்சிகளும் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள்.

எனவே எமது கோரிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். ரூபஸ்குளம், கல்முனை, குருக்கள்மடம், காத்தான்குடி, ஏறாவூர், வீரமுனை ஆகிய ஆறு பெயர்களும் ஒரே விசாரணையில், ஒரே பட்டியலில் இடம்பெற வேண்டும். அதில் ஒன்றை நீக்கிவிட்டு மற்றவற்றுக்கு நீதி கேட்பவர் எச்சமூகத்தவராயினும், அவர் கேட்பது நீதியல்ல. அடுத்த தேர்தலுக்கான வாக்கு.